மின்சாரம் நின்ற ஒன்றரை நிமிடம்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எனக்கு 41 வயது. வங்கியில் வேலை பார்க்கிறேன். 7 வயது முதல் 17 வயது வரை வாய்ப்பாட்டு கற்றேன். பிறகு படிப்பு, திருமணம், குழந்தைகள் என்று விட்டுப்போய், 33 வயதில் மறுபடியும் தொடங்கினேன். இன்று 14 வர்ணங்களும் 80-க்கு மேற்பட்ட கீர்த்தனைகளும் பாடமாக இருக்கின்றன. அரசு இசைத் தேர்வில் ஹையர் (மேல்நிலை) வரை தேறியிருக்கிறேன். போன நவராத்திரியில் எங்கள் தெருக் கோயிலில் ஒரு மணி நேரம் பாடினேன். அதைக் கேட்ட, சங்கீதம் நன்கு அறிந்த உறவினர் ஒருவர், ‘பாட்டெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் நீ ஒப்பிக்கிறாய், உன்னிடம் சங்கீதம் இல்லை’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாட உட்கார்ந்தாலே அந்த வார்த்தைதான் நினைவுக்கு வருகிறது. அவர் சொன்னது பொய்யும் அல்ல. ராகத்தை விரித்துப் பாடினால் இரண்டு நிமிடத்தில் வற்றிவிடுகிறது. அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடவேண்டிய கல்பனாஸ்வரத்தை எழுதிவைத்துத்தான் பாடுகிறேன். உண்மையான இசைக் கலைஞர் என்று யாரைச் சொல்வது? அந்தத் தகுதி எனக்கு வருமா? இரண்டு பதிவுகள் அனுப்பியிருக்கிறேன். முதல் பதிவின் நடுவே மின்சாரம் போய் சுருதிப் பெட்டி நின்றுவிட்டது, மன்னிக்கவும். மறுபடி பாடிப் பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை.”

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதிவுகளை அதைவிடக் கூடுதலாகவே கேட்டேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கும் முதல் பதிவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

ஸஹானா ராகக் கீர்த்தனையின் சரணத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகிறது. சுருதிப் பெட்டியோடு மின்விசிறியும் நின்றுவிடுவதால் உங்கள் குரலும் தொடையில் தாளம் போடும் ஓசையும் மட்டுமே கேட்கின்றன. நீங்கள் நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் துணையில்லாமல் பாடிச் சரணத்தை முடித்துப் பல்லவிக்குத் திரும்பும் வேளையில் மின்சாரம் வந்து, பெட்டியின் தம்பூரா ஒலி மறுபடியும் கேட்கிறது. அதற்குள் உங்கள் ஆதார ஸ்வரமான ஷட்ஜமம் ஓர் இழை இறங்கியிருந்தது. சுருதித் துணையின்றிப் பாடுகிற யாருக்கும் இது நேரக்கூடியதுதான். அடுத்து நீங்கள் செய்த காரியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பல்லவியை எடுக்காமல், தாளத்தை மட்டும் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று முழுவதும் போட்டுக்கொண்டு வாய்மூடி இருந்தீர்கள். அதன் பிறகு பல்லவியை எடுத்தபோது குரல் தம்பூராவின்மேல் அப்படியே அமர்ந்திருந்தது. இறங்கிவிட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த இடத்தில் ஓர் ஆவர்த்தனம் காத்திரு என்று எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. உங்கள் காது சொன்னது, நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள்.

36 ஆண்டுகளாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒருவரிடம் சங்கீதம் இருக்கிறதா என்று பார்க்க நேரும்போது நான் தேடுவது இந்த ஒன்றைத்தான். தன் வாயிலிருந்து வருவதை, அது வருகிற அந்த நொடியிலேயே, வேறொருவர் பாடுவதைக் கேட்பதுபோல் ஒருவர் கேட்கிறாரா, கேட்டதற்கேற்ப அடுத்த ஸ்வரத்தை அமைத்துக்கொள்கிறாரா என்பதே என் அளவுகோல். குருவிடம் முறையாகக் கற்காதவரின் அறிவைக் குறிக்கவே ‘கேள்வி ஞானம்’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். முறையாகக் கற்றவருக்கும் அந்த ஞானம்தான் அடித்தளம் என்பது என் உறுதியான எண்ணம். கற்றதெல்லாம் அதன்மேல் எழும்பினால்தான் நிற்கிறது.

இதை நான் உணர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் ஆசிரியரிடம் சேர்ந்தபோது எனக்கு முப்பது கீர்த்தனைகள் தெரியும், அந்தப் பெருமையும் உண்டு. முதல் நாள் அவர் என்னைப் பாடச் சொல்லவில்லை. தஞ்சாவூர்த் தம்பூரா ஒன்றை எடுத்துவந்து, பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளையும் சேர்த்தார். பிறகு குதிரைக்கும் தந்திக்கும் இடையே இருக்கும் ஜீவாளி நூலை நகத்தால் மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே, “என்ன கேட்கிறது?” என்று கேட்டார். “ஷட்ஜமமும் பஞ்சமமும்” என்றேன். “இன்னும் கேள்” என்று சொல்லி மீட்டிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். மந்தரத் தந்தியை மீட்டி, அதன் ஓசை விரிந்து அடங்கும் இடத்தில், எந்தத் தந்தியிலும் சேர்க்கப்படாத ஒரு ஸ்வரம் மேலே தானாக எழுந்து மினுங்குவதைக் கேட்டேன். அந்தர காந்தாரம். ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஒலியோடு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட ஒலிகளும் பிறக்கின்றன. அவற்றுள் ஐந்தாவதுதான் இந்தக் காந்தாரம். சுயம்பு காந்தாரம் என்று நம்மவர்கள் சொல்வது இதையே. “கேட்கிறது” என்றேன். “நாளைக்கு வா, ஸரளி வரிசையிலிருந்து பாடுவோம்” என்றார். அது ஆரம்ப மாணவர்களின் முதல் பாடம். முப்பது கீர்த்தனை பாடியவனுக்கு மாயாமாளவகௌளையில் ஸரிகமவா என்று அன்றிரவு மனம் வருந்தியது. மறுநாள் முதல் ஷட்ஜமத்தைப் பாடியபோதே, அதுவரை நான் தம்பூராவுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தேனே ஒழிய அதனுள் பாடவில்லை என்பது புரிந்துவிட்டது.

இனி உங்கள் உறவினரின் சொல்லுக்கு வருகிறேன். அதில் ஒரு பாதி தவறு, ஒரு பாதி உண்மை. தவறான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாடம் செய்த பாட்டைப் பாடம் செய்தபடியே பாடுவது இரண்டாந்தரம், ராகமும் ஸ்வரமும் பாடுவதே சங்கீதம் என்ற எண்ணம் இன்று பலரிடம் இருக்கிறது. வீணை தனம்மாளின் குடும்பத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வீணையின் மெல்லிய நாதத்தைக் கேட்பதற்காகப் பெரிய வித்வான்கள் அங்கே சத்தமின்றி உட்கார்ந்திருப்பார்கள். அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பதம், ஜாவளி, கீர்த்தனை ஆகியவற்றைப் பாடாந்தரம் (குரு வழியாக வந்த பாட வடிவம்) சிறிதும் வழுவாமல் பாடுவதற்கே பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய ஆலாபனை அளவானதாகவே இருக்கும். முன்னணி வித்வான்களே பிருந்தாவிடம் சென்று பதங்களைப் பாடம் செய்துகொண்டார்கள். ஒரு பதத்தை மெதுவான விளம்ப காலத்தில், ஒவ்வொரு கமகமும் (ஸ்வரத்தின் அசைவும்) அதற்குரிய எடையோடு விழும்படி பாடுவதற்கு வேண்டிய காது, ஒரு மணி நேரம் ராகம் பாடுவதற்கு வேண்டிய காதைவிட எந்த வகையிலும் குறைந்தது அன்று. ஆகவே 80 கீர்த்தனைகள் உங்களிடம் இருப்பதற்காக நீங்கள் கூசவேண்டியதே இல்லை. அது சொத்து.

உண்மையான பாதி என்னவென்றால், அந்த 80-இல் பலவற்றை நீங்கள் கேட்காமலே பாடுகிறீர்கள். முதல் பதிவிலேயே அனுபல்லவியின் சங்கதிகளை, அதாவது ஒரே வரியின் வெவ்வேறு மாற்று வடிவங்களை, கவனியுங்கள். முதல் சங்கதி முடிந்ததும் இரண்டாவது, இரண்டாவது முடிந்ததும் மூன்றாவது என்று வரிசையாக வந்துவிடுகின்றன. ஒரு சங்கதி அடுத்ததற்கு எப்படி இடங்கொடுக்கிறது, முதலில் ரிஷபத்தில் நின்ற வரி அடுத்த முறை ஏன் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு வருகிறது என்ற விசாரணை குரலில் தெரியவில்லை. பழக்கம் பாடுகிறது, நீங்கள் உடன் போகிறீர்கள். உங்கள் உறவினர் ‘ஒப்பிப்பது’ என்று சொன்னது இதைத்தான் என்றால் அவர் காது தவறவில்லை. சொன்ன முறையில் இன்னும் பரிவு இருந்திருக்கலாம். மின்சாரம் போன பிறகு உங்கள் பாட்டு மாறியதற்குக் காரணமும் இதுவே. துணை இல்லாமல் போனதும் வேறு வழியின்றிக் கேட்கத் தொடங்கினீர்கள். சரணத்தின் கடைசி வரியில் வரும் கமரி கரிஸ என்ற பிடியில் (ராகத்துக்கு அடையாளமான ஸ்வரத் தொடரில்) அந்த ரிஷபம் எவ்வளவு நிதானமாக நின்றது என்று நீங்களே போட்டுக் கேளுங்கள். அதே பிடி பல்லவியில் மூன்று முறை வந்தும் அப்படி நிற்கவில்லை.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் ஓரிடத்தில் ‘என் குரல் அவ்வளவு இனிமையானது அல்ல’ என்று எழுதியிருக்கிறீர்கள். டைகர் வரதாச்சாரியார் குரல் இனிமைக்காகப் பெயர் பெற்றவர் அல்லர், எம். டி. ராமநாதனைப் போன்ற ஒரு சீடரை உருவாக்கிய ஆசான் அவர். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இயல்பிலேயே கரகரப்பானது. அதைக் கடுமையான சாதகத்தால் தமக்கு ஏற்ப வசப்படுத்திக்கொண்டார். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

இலக்கண அறிவும் அப்படித்தான். தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களையும் வரிசையாகச் சொல்லத் தெரிவது நல்லதே. ஆனால் 8-ஆவது மேளமான தோடியிலும், 22-ஆவது மேளமான கரகரப்ரியாவிலும், 20-ஆவது மேளத்திலிருந்து பிறந்த பைரவியிலும் வருவது காகிதத்தில் ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஒரே ஸ்வரம். பாடும்போது அவை மூன்று வேறு ஜீவன்கள். தோடியின் காந்தாரத்தைக் கரகரப்ரியாவில் வைத்தால் ராகமே கலைந்துவிடும். 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யை வெளியிட்டபோது, கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகளை அமைத்து எழுதினார். அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட நூலைக்கூட, அந்த ராகத்தைக் காதால் கேட்டறிந்தவர்தான் சரியாக வாசித்துப் பாட முடிகிறது.

மேடை வாய்ப்பை வைத்து இசைக் கலைஞரை அளப்பதையும் நான் ஏற்பதில்லை. காவிரிக்கரைக் கோயில் ஒன்றில் அர்த்தஜாம பூசையின்போது ஓர் ஓதுவாரைக் கேட்டேன். பத்துப் பேர்கூட இல்லை. தீபாராதனை முடிந்து மணி ஓய்ந்த பிறகும் அதன் ரீங்காரம் மண்டபத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அது அவருடைய சுருதிக்குச் சேராத ஒலி. அவர் கைத்தாளத்தை ஏந்தியபடி, அந்த ரீங்காரம் முழுவதும் கரையும் வரை நின்றுவிட்டு, பிறகு கௌசிகப் பண்ணில் ஒரு பதிகத்தைத் தொடங்கினார். கௌசிகம் என்பது இன்றைய பைரவிக்கு ஒப்பானது என்று நீங்கள் அறிந்திருப்பீர்கள். சபையில் அவருக்கு ஒருநாளும் இடம் கிடைத்திருக்காது. அவர் காத்திருந்த அந்த நேரமும் நீங்கள் காத்திருந்த அந்த ஓர் ஆவர்த்தனமும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தண்ணுமை என்ற தோல் வாத்தியத்தின் ஆசிரியனுடைய தகுதியைச் சொல்லும்போது, யாழோடும் குழலோடும் பாடுவோர் மிடற்றோடும் இசைய வாசிப்பதையும், குறையும் இடத்தில் நிரப்பி, மிகும் இடத்தில் அடக்கி, அளவு மீறாமல் இருப்பதையும் முன்வைக்கிறது. பிறர் செய்வதைக் கேளாதவனால் எது குறை, எது மிகை என்று எப்படி அறிய முடியும்? மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் கீர்த்தனைக்கு வாசிக்கும்போது, வரியின் நடையை அறிந்து எங்கே வாசிக்காமல் விடவேண்டும் என்பதையும் வாசிப்பாகவே ஆக்கினார். அவருடைய விரல் வேகத்தைப் பலர் பிடித்துவிட்டார்கள். வாசிக்காமல் விடும் அந்தக் கலை மிகச் சிலருக்கே வந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது பதிவு. மூன்று நிமிடத் தோடி ஆலாபனை, அதன்பின் கல்பனாஸ்வரம். தோடி இரண்டு நிமிடத்தில் வற்றிவிடுகிறது என்கிறீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடத்தில் 19 பிடிகள் பாடியிருக்கிறீர்கள். எல்லாம் சரியான பிடிகள். பாடாந்தரத்திலும் வர்ணத்திலும் வருபவை. ஒவ்வொன்றையும் முடித்தவுடன், அது எங்கே கொண்டுவந்து விட்டது என்று கேட்பதற்குள், பயத்தில் அடுத்ததைத் தேடி ஓடுகிறீர்கள். கையிருப்பு தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. தோடியின் உயிர்நிலையான காந்தாரத்தை ஒவ்வொரு முறையும் வழியில் உள்ள ஊராகக் கடந்து போனீர்களே தவிர, ஒருமுறையும் அங்கே இறங்கவில்லை. திருமருகலில் 1898-இல் பிறந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் இந்த ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார் என்றால், அவரிடம் பிடிகளின் பட்டியல் நீளமாக இருந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. காந்தாரத்திலும் தைவதத்திலும் நின்று, நின்ற இடத்தில் என்ன பிறக்கிறது என்று கேட்டு, அதைப் பின்தொடர்ந்து போனார் என்பதை அவருடைய இசைத்தட்டில் உள்ள சில நிமிடங்களே காட்டிவிடுகின்றன.

எனவே அடுத்த ஒரு மாதத்துக்கு நீங்கள் தோடியில் ஒரே பிடியை வைத்துக்கொள்ளுங்கள். ஷட்ஜமத்திலிருந்து ரிஷபம் வழியாகக் காந்தாரத்துக்குப் போய் அங்கே நிற்கவேண்டும். தினமும் காலையில் வங்கிக்குப் புறப்படும் முன் 20 நிமிடம் போதும். காந்தாரத்தை அசைத்து நிறுத்தியபின் மூச்சு விட்டு, தம்பூராவை மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். அடுத்த ஸ்வரம் காதுக்குள் தெளிவாக வரும் வரை வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் வராது, அதற்காக நோட்டைத் திறந்துவிட வேண்டாம். அந்த மௌனம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை அறிவேன். நவராத்திரிக் கூட்டத்தின் முன்னால் அதைச் செய்யச் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் சொல்கிறேன். மாலையில் நேரம் கிடைக்கும்போது, பெரிய வித்வான் ஒருவரின் தோடியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு, நினைவில் நின்றதை மட்டும் பாடிப் பாருங்கள். எழுதி வைக்காதீர்கள். எழுதிய உடனே காது வேலையைக் கையிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போய்விடும்.

கல்பனாஸ்வரத்தில் உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்காக 32 அட்சரங்கள், அதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் நீங்கள் பாடிய வரி பஞ்சமத்தில் எடுக்கிறது. உங்கள் ஸ்வரம் ஒருமுறை கீழ் நிஷாதத்தில் வந்து முடிகிறது, இன்னொரு முறை ரிஷபத்தில். அங்கிருந்து பஞ்சமத்துக்குத் தாவிப் பிடிக்கிறீர்கள். கணக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டது, ராகம் தெருவிலேயே நிற்கிறது. எழுதி வைத்த ஸ்வரங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கடைசி நான்கு அட்சரங்களை மட்டும் முதலில் பழகுங்கள். மத்தியமத்திலிருந்தோ தைவதத்திலிருந்தோ வரி தொடங்கும் இடமான எடுப்பின் பஞ்சமத்துக்கு எப்படியெல்லாம் வழுக்கி வரலாம் என்று பத்து நாள் அதையே பாடுங்கள். பிறகு எட்டு அட்சரம், பிறகு அரை ஆவர்த்தனம் என்று முடிவிலிருந்து பின்னோக்கி நீட்டிக்கொண்டு வாருங்கள். போகவேண்டிய இடம் காதில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தால், நடுவில் வருவதை எழுதிவைக்கும் தேவையே இருக்காது.

கீர்த்தனைகளில் புதியதாக எதையும் ஆறு மாதத்துக்குப் பாடம் செய்ய வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இருப்பவற்றில் ஐந்தை எடுத்து, சுருதிப் பெட்டியைப் பாதியில் அணைத்துவிட்டுப் பாடி, முடித்தபின் மறுபடி போட்டுப் பாருங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எந்த ஸ்வரத்தில் குரல் சரிகிறது என்பது சில நாளில் தெரிந்துவிடும். பைரவி அட தாள வர்ணத்தை மூன்று காலத்திலும் பாடும்போது, துரித காலத்தில் கமகங்கள் எந்த அளவுக்குச் சுருங்குகின்றன என்றும் கவனியுங்கள்.

இந்தத் தகுதி எனக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பர் சீசனில் பெரிய சபையின் மாலைக் கச்சேரி என்பது தனிக் கணக்கு. இரண்டரை மணி நேரம் தளராமல் பாடும் உடல் பழக்கம், பக்கவாத்தியக்காரர்களோடு பல ஆண்டுப் பழக்கம், பயணம், வாய்ப்பு, பணம் எல்லாம் அதில் சேரும். 41 வயதில், முழுநேர வேலையில் இருந்துகொண்டு அதை எட்டுவது மிகவும் கடினம், உங்களுக்கு வேறு விதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல. இசைக் கலைஞரா என்றால், அந்த ஓர் ஆவர்த்தனம் வாய்மூடி இருந்தபோது நீங்கள் இசைக் கலைஞர்தான். அதற்கு முந்தைய நான்கு நிமிடத்தில் பெரும்பாலும் இல்லை. என்னையும் சேர்த்து, இந்தத் தொழிலில் இருக்கும் யாரைப் பற்றியும் இப்படி நிமிடக் கணக்கில்தான் சொல்ல முடியும். அந்த நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போவதற்குத்தான் சாதகம் என்று பெயர்.

மூன்று மாதம் கழித்து ஒரு பதிவு அனுப்புங்கள். கீர்த்தனை வேண்டாம், தோடி மட்டும் ஐந்து நிமிடம் போதும். நீங்கள் இப்போது பாடும் ஐந்தரைக் கட்டைச் சுருதி உங்கள் குரலுக்குச் சற்று உயரமாகத் தோன்றுகிறது, ஐந்து கட்டை வைத்துப் பாருங்கள். பதிவு செய்யும்போது பெட்டியைப் போட்டதும் உடனே பாடிவிடாமல், முதல் ஒரு நிமிடம் தம்பூராவை மட்டும் ஓடவிடுங்கள். அந்த நிமிடத்தை வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் இசை ஆசிரியர்